குலவை போட்ட வாசல்

சங்கரன்கோயில் உலகம்மாள் முதன்முதலாக விமானம் ஏறப் போன அன்று, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆட்களைச் சோதிப்பதற்காக நிறுத்தி வைத்திருக்கும் அந்தக் கதவில்லாத வாசல், அவள் வலது காலை எடுத்து வைத்ததும் குலவை போட்டது. மணி அடிக்கவில்லை, கூவவில்லை, சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது பொம்பளைகள் கூடிநின்று நாக்கைச் சுழற்றுவார்களே, அந்தக் குலவையை, அதே நீட்டலோடு, அதே முழக்கத்தோடு போட்டு, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தியது. இரும்புக்கும் கம்பிக்கும் நாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். கதைக்கு வந்தவர்கள் உள்ளே வரலாம்.

உலகம்மாளுக்கு அது அதிசயமாகப் படவே இல்லை. விமான நிலையம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தானே அதிசயப்படத் தோன்றும்? கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுப்பதுபோல, இவ்வளவு பெரிய இடத்தில் வருகிறவர்களுக்கு ஒரு குலவை போட்டு உள்ளே விடுவதுதான் இங்குள்ள மரியாதை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னபோதே அவளுக்கு இடத்தின்மேல் ஒரு மதிப்பு வந்திருந்தது. வாசலைத் தாண்டி நின்று கையெடுத்துக் கும்பிட்டாள், சந்தனக் கும்பா எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடவும் செய்தாள். அங்கே நின்ற மலையாளத்துக் காவலர் பெண்ணும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ஊரில் அதற்குக் குரவை என்று பெயர், கோயிலிலும் கல்யாணத்திலும் கேட்டு வளர்ந்த சத்தம். அதனால் சோதனைக் கருவியைத் தாழ்த்திவிட்டு, "ஆருடெ கல்யாணமா சேச்சி?" என்று மட்டும் கேட்டாள். "எம் மவளுக்கும்மா" என்றாள் உலகம்மாள். அடுத்து வந்த கோட்டுப் போட்ட ஆளுக்கு வாசல் வெறுமனே 'பீப்' என்றது. பாவம், அவர் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் தன் செருப்பை மாட்டினாள்.

ஆனால் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேகத்தைப் பார்த்து அலுத்த பிறகு, அந்தச் சத்தம் யாருடையது என்று அவளுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. நீட்டலும் வெட்டும் அவளுடையவை.

ஒரு காலத்தில் அவர்கள் தெருவில் சடங்கு, கல்யாணம், அம்மன் கொடை எதுவானாலும் உலகம்மாள் குலவை போட்டால்தான் தொடங்கும். லாரி ஓட்டுகிற குருசாமி, தன் பெண்டாட்டியின் குலவை ஊர் எல்லையில் வண்டி திரும்பும்போதே கேட்கும் என்று டீக்கடைகளில் பெருமையடித்துக்கொள்வான். அந்தக் குருசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு வந்த முதல் கல்யாணத்தில், மாலை மாற்றுகிற நேரத்தில் பழக்கத்தில் உலகம்மாள் நாக்கை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற குருசாமியின் தங்கச்சி அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "மயினி, இனிமே நீங்க போடப்படாது. நல்ல காரியம் பாருங்க" என்று காதோரம் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். இந்த மாதிரிக் காரியங்களை நம் ஊரில் எல்லாரும் அன்பாகத்தான் சொல்வார்கள், அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் விசேஷ வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற கை அவளுடையது, அவள் வைத்த சாம்பாருக்குத் தெருவே அடிமை, அதனால் சமையல்கட்டில் அவளுக்கு ராஜ மரியாதை. முகம் முன்னால் வரக்கூடாது, கை மட்டும் அண்டாவுக்குள் இருக்கலாம். வெளியே குலவை கேட்கும்போதெல்லாம் அவள் தன்னுடையதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கி விழுங்கி அது வயிற்றுக்குள் எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

மகள் சண்முகவடிவு நர்ஸ் படிப்பு முடித்து, பர்மிங்காம் ஊரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அங்கேயே பிறந்து வளர்ந்த மதுரைக் குடும்பத்துப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, கல்யாணமும் அங்கேயே என்று முடிவானது. பையனுக்குத் தாய் இல்லை, வளர்த்தது அத்தை, அத்தை வைத்ததுதான் சட்டம். பயணத்துக்குக் கொஞ்சநாள் முன்பு வடிவு போனில் கூப்பிட்டு, எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் நீ உள் ரூம்ல இருந்துக்கிடணுமாம். அத்தை சொல்லுதாங்க. ஒரு பத்து நிமிசந்தாம்மா." உலகம்மாள், "சரிட்டி" என்றாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஊர் சொன்னபோது வலிக்காத இடம் மகள் சொன்னபோது வலித்தது, அதைவிடத் தன் வாயில் 'சரி' என்று வந்ததுதான் அதிகம் வலித்தது.

இப்படியாக அவள் பாலைவன நகரம் ஒன்றில் இறங்கினாள். அங்கே விமானம் மாறிப் பர்மிங்காம் போகவேண்டும், முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேருகிற கடைசி விமானம் அதுதான். அந்தக் கட்டடத்துக்குள் பகலும் இரவும் ஒரே வெளிச்சம். நிற்கிற இடத்திலேயே தரை நகர்ந்து ஆளைக் கொண்டுபோனது, ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு டிரைவர் இல்லாத ரயில் ஒன்று ஓடியது. உலகம்மாள் தன் ஜாடையில் இருந்த ஒவ்வொருவரிடமும் "பர்மிங்காம், பர்மிங்காம்" என்று கேட்டுக் கேட்டு, நகரும் தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, ரயிலேறி இறங்கி, விமானம் மாறுகிறவர்களை மறுபடி சோதிக்கிற இடத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். வலது காலை எடுத்து வைத்தாள். வாசல் குலவை போட்டது.

இங்கே சத்தம் பெரிது. உயரமான கூரை அதை வாங்கித் திருப்பி அடித்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், பெட்டிகளை ஓட்டிக்கொண்டிருந்த பட்டை நின்றது. வாசலருகே நின்ற மரியம் என்ற காவலர் பெண், அவளைத் திரும்பிப் போய் மறுபடி வரச் சொன்னாள். மறுபடி வந்தாள், மறுபடி குலவை. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டை ஊசியை எடுக்கச் சொன்னார்கள், காதில் கிடந்த சின்னக் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாம் கழன்ற பிறகு குலவை இன்னும் தெளிவாகக் கேட்டது. அடுத்த வரிசையின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள், அது நாற்று நடவில் போடுகிற குலவையைப் போட்டது. அதற்கும் அடுத்தது அம்மன் கொடையில் சாமி இறங்கும்போது போடுகிற குலவையைப் போட்டது. கையில் பிடித்துத் தடவுகிற கருவியைக் கொண்டுவந்தார்கள். அது, குலவை போடப் பழகும் சின்னப் பிள்ளை மாதிரி, எச்சில் தெறிக்க ஒரு முயற்சி செய்துவிட்டு நின்றது.

செய்தி கட்டடம் முழுக்கப் பரவ வெகுநேரம் ஆகவில்லை. முதலில் துடைப்பத்தோடு ஓடிவந்தவள் கழிவறை கழுவுகிற வங்காளத்துப் பெண். இது எங்கள் ஊர் உலு, பெண்ணுக்குச் சிந்தூரம் வைக்கும்போது என் அத்தைகள் போட்டது, அதை இங்கே கொண்டுவந்தது யார் என்று கேட்டு அழுதாள். காப்பிக் கடையிலிருந்து ஏப்ரானைக் கழற்றாமலே வந்த எத்தியோப்பியப் பெண், இல்லை, இது எங்கள் கோயிலில் ஆண்டவருக்குப் போடுவது, நான் ஊரை விட்டு வந்த அன்றும் என் சித்தி இதைத்தான் போட்டாள் என்று சாதித்தாள். மரியமோ, இருவரும் சும்மா இருங்கள், இது எங்கள் வீட்டுக் கல்யாணச் சத்தம், என் பெரியம்மா போட்டால் ஒட்டகம் கயிற்றை அறுக்கும் என்றாள். மூன்று பேரும் மூன்று மொழியில் சண்டை போட்டு, ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரிந்து, கடைசியில் வாசல் எல்லாருடைய சத்தத்தையும்தான் போடுகிறது என்று சமாதானமானார்கள். யாருக்குக் கல்யாணம் என்பதுதான் அடுத்த கேள்வி.

வரிவிலக்குக் கடையில் வாசனைத் திரவியம் விற்கிற பெண், விசேஷத்தில் பன்னீர் தெளிக்க வேண்டாமா என்று மாதிரிக் குப்பியை எடுத்து வந்து வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் பீய்ச்சினாள். யாரோ சாக்லேட்டைப் பிரித்துத் தட்டுகளில் வைத்து நீட்டினார்கள், பெல்ட்டும் லேப்டாப்பும் போகிற தட்டுகள்தான். ஆண்கள் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, எங்களுக்கு மட்டும் ஏன் வெறும் 'பீப்' என்று. தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், தன் பேத்திக்கும் கல்யாணம் வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப வாசலுக்குள் போய் வந்தார், வாசல் அவரைச் சட்டை செய்யவில்லை. தங்கள் விமானத்துக்கு நேரமாகிவிட்டதை மறந்து பலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கருவியைப் பழுது பார்க்கிற பொறியாளர் வந்தார், கம்பிகளைச் சொருகிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருக்கிறது என்று சொன்னபோது அவர் முகம்தான் சரியாக இல்லை.

மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி, பயணிகளை வண்டியில் ஏற்றிப் போகிற செய்யது அலியைக் கூட்டி வந்தார்கள். கடையநல்லூர்க்காரன். உலகம்மாளின் பேச்சைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எம்மா, சங்கரன்கோயிலா நீங்க? நம்ம பக்கம்லா!" என்றான்.

"என்னய்யா செய்யுதாவ இவிய? நான் என்ன களவா கொண்டாந்தேன்?"

"உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கும் தெரியுதும்மா. சத்தம் நின்னாத்தான் பச்ச லைட்டு எரியும். பச்ச லைட்டு எரிஞ்சாத்தான் ஆள விடலாம். இங்க அதான் சட்டம்."

மேலதிகாரி வந்தார். நெடுநெடுவென்று உயரம், கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, யாரையும் வருத்த விரும்பாத குரல். தடுக்கப்பட்ட பொருள் எதுவானாலும் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் விதி என்று அவர் விளக்கினார். தண்ணீர் பாட்டில், நகவெட்டி, தீப்பெட்டி, எல்லாவற்றுக்கும் அதோ அந்தத் தொட்டி இருக்கிறது, இந்த அம்மா தன்னிடமுள்ள சத்தத்தையும் அதில் போட்டுவிட்டால் தாராளமாகப் போகலாம். செய்யது அலி இதைத் தமிழில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

"தண்ணின்னா ஊத்திட்டு வாரேன். இத எங்கன ஊத்த?" என்றாள் உலகம்மாள். "இம்புட்டு நாளா வாயப் பொத்தி வச்சிருக்கேன். அது என்ன விட்டுப் போச்சா?"

அதிகாரிக்கு அது மொழிபெயர்க்கப்பட்டபோது அவர் தாடியைத் தடவினார். மனிதர் மோசமானவர் இல்லை, சொல்லப்போனால் இரக்கமுள்ளவர். அறிவிப்பு ஒலிபெருக்கியில் பர்மிங்காம் விமானத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியாயிற்று என்று கேட்டதும், அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரோரம் ஒரு சின்னக் கதவு இருந்தது. துப்புரவு வண்டிகளும் குப்பைத் தள்ளுவண்டிகளும் போகிற வழி, அங்கே கருவி இல்லை. மரியம் கையால் ஒருதரம் தடவிப் பார்த்தால் போதும், சட்டத்துக்கும் பங்கமில்லை. கூட்டமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. செய்யது அலி அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "வாங்கம்மா, ஓடுனா பிடிச்சிரலாம். அந்தப் பின்கதவு வழியா போயிருவோம்."

உலகம்மாள் அந்தக் கதவைப் பார்த்தாள். நகரவில்லை.

"எம்மா, நேரமாவுது."

"எய்யா, நீ நல்ல மனசோடதான் கூப்பிடுத. அந்தப் பெரிய மனுசரும் நல்ல மனசோடதான் சொல்லுதாரு. இதுவரைக்கும் என்னப் பின்வாசல் வழியா கூப்பிட்டவுக எல்லாரும் நல்ல மனசோடதான் கூப்பிட்டாவ. ஒருத்தரும் என்ன அடிச்சு வெரட்டல. கையப் பிடிச்சு, தோளத் தொட்டு, செத்த இப்படி வந்திரு தாயின்னு கூட்டிட்டுப் போனாவ. நானும் போனேன். போயிப் போயி, எம் மவ கல்யாணத்துக்கே சரின்னு சொல்லி வச்சிருக்கேன். போதும்யா. இந்த வாசலு என்ன வா வான்னு கூப்பிடுது. கூப்பிட்ட வாசல் வழியாத்தான் வருவேன்."

"பிளேன் போயிரும்மா!"

"போனா அடுத்ததுல போறேன்."

செய்யது அலி பையை இறக்கிவிட்டு, அவள் சொல்லியிருந்த முகூர்த்த நேரத்தைக் கணக்குப் பார்த்தான். "அடுத்த பிளேன் போய்ச் சேரும்போது கல்யாணம் முடிஞ்சிருக்கும்மா" என்றான்.

பெற்ற பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தை எங்கோ தொலைதூரத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பதா? சின்னக் கதவு திறந்தே இருந்தது, பத்தடி நடந்தால் போதும். நடந்து போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்தடியும் நேரே அந்த உள் ரூமுக்குப் போகிற பாதை என்பது அவளுக்குத் தெரிந்தது. இங்கே நடந்துவிட்டால் அங்கேயும் நடந்துவிடுவாள்.

"உன் போனக் குடு" என்றாள்.

வடிவு எடுத்தாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கிற சத்தம். "எங்கம்மா இருக்க? ஏறிட்டியா?"

"ஏறல. வடிவு, கேளு. நான் அன்னைக்குச் சரின்னு சொன்னேன்லா, அத வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"எதம்மா?"

"உள் ரூம்ல இருக்க மாட்டேன். தாலி ஏறும்போது உம் பக்கத்துல நிப்பேன். பெத்தது நான், வளத்தது நான், பாக்க மட்டும் நான் ஆவாதோ?"

"அம்மா..." வடிவின் குரல் தாழ்ந்தது. "வீடு நெறைய ஆளு இருக்காங்கம்மா. இப்பப் போயி அத்தைகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் வந்து நிக்கேன், பாத்துக்கிடட்டும்."

தொடர்பு அறுந்துபோனது. மகள் துண்டித்தாளா, போன் துண்டித்ததா என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வெறுங்காலோடு, மறுபடியும் வாசலை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. வாசல் அவளைக் கண்டதும் குலவையைத் தொடங்கியது.

இந்தத் தடவை அவள் நடுவாசலில் நின்றுவிட்டாள். நின்று, வாயைத் திறந்து, நாக்கை மடித்துத் தன் குலவையை எடுத்தாள். வந்தது இருமல்தான். அத்தனை காலம் பூட்டிக் கிடந்த தொண்டையில் காற்றுப் போய் முட்டித் திரும்பியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மரியம் ஓடிப்போய், தடுக்கப்பட்ட பொருள்களின் தொட்டியிலிருந்தே திறக்காத பாட்டில் ஒன்றை எடுத்துத் திருகிக் கொடுத்தாள்.

அதிகாரி பதறிக் கையை உயர்த்தினார். சோதனை இடத்தில் பயணிகள் கூச்சல் போடக் கூடாது என்றார். செய்யது அலி சொல்லி முடிப்பதற்குள் உலகம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இரும்பு போடலாம், நான் போடப்படாதோ?" என்றாள்.

இதை எந்த மொழியில் மாற்றிச் சொன்னானோ, அதிகாரியின் கை உயர்ந்தபடியே நின்றது. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பொத்திய கைகளையெல்லாம் நினைத்தாள். நாத்தனாரின் உள்ளங்கை, அதில் இருந்த மருதாணி மணம், மண்டபத்துப் பின்வாசலின் எச்சில் இலை நாற்றம், அண்டாவின் ஆவி, பத்து நிமிசந்தாம்மா என்று சொன்ன பிள்ளையின் குரல், சரி என்று சொன்ன தன் குரல். எல்லாவற்றையும் அடிவயிற்றிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்து நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்து வெளியே விட்டாள்.

அது கிளம்பியதும் வாசல் தன் சத்தத்தை நிறுத்திக்கொண்டது, மூத்தவள் எடுத்தால் இளையவள் நிறுத்துகிற மாதிரி. உலகம்மாளின் குலவை மட்டும் தனியாக எழுந்து, கூரைக் கண்ணாடிகளைத் தடவி, நகரும் தரைகள் மேலும் ஓடும் ரயில் மேலும் போய், வெகு தூரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களையும் எழுந்து நிற்க வைத்தது. வங்காளத்துப் பெண் தன் உலுவைச் சேர்த்தாள். எத்தியோப்பியப் பெண் சேர்ந்தாள். மரியம் தன் சீருடையைக் குனிந்து பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், பிறகு வாயருகே கையை வைத்துத் தன் பெரியம்மாவின் சத்தத்தை எடுத்தாள். எந்தெந்த ஊரிலிருந்தோ எந்தெந்த ஊருக்கோ போகிற பெண்கள், கால் வலியோடும் தூக்கம் கெட்ட கண்ணோடும், தங்கள் தங்கள் நாக்கால் சேர்ந்துகொண்டார்கள். வாசலின் தலையில் பச்சை விளக்கு எரிந்தது.

அதிகாரி பச்சை விளக்கைப் பார்த்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஒதுங்கி நின்று, உள்ளே போகலாம் என்று கை காட்டினார். அன்றைக்குப் பிறகு அந்த வாசல்கள் யாருக்கும் குலவை போடவில்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கிற பெண்களில் யாராவது கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாள் என்றால், மற்றவர்கள் துடைப்பத்தோடும் ஏப்ரானோடும் அங்கே கூடி நின்று அவளைக் குலவை போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதிகாரி அந்த நேரங்களில் வேறு வேலையாகப் போய்விடுவார்.

செய்யது அலி அவளைத் தன் பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி பறந்தான். விமானத்தின் கதவைச் சாத்தக் கை வைத்திருந்த பணிப்பெண், வெறுங்காலோடு ஓடிவருகிற ஒருத்தியைப் பார்த்து அப்படியே நின்றாள். செருப்பைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் உலகம்மாளுக்கு உறைத்தது. பரவாயில்லை என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அறுந்துபோன பேச்சின் அந்தப் பக்கம் மகள் என்ன முகத்தோடு நிற்கிறாள் என்பதே அவள் நெஞ்சில் கிடந்து அரித்தது. வேண்டாம், நீ வராதே என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள். சொன்னாலும் போய் நிற்பது என்று பயந்துகொண்டே முடிவு செய்தாள்.

பர்மிங்காமில் எந்தக் கருவியும் அவளைக் கண்டு வாயைத் திறக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, விமானத்தில் கொடுத்த காலுறையோடு, வெளிவாசலுக்கு வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெயர்ப் பலகை பிடித்தவர்களும் பூங்கொத்து வைத்தவர்களும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, கூரைப்புடவைமேல் பெரிய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, பாதி பின்னிய சடையும் பாதி வைத்த பூவுமாக, முகத்தில் மஞ்சள் காயாமல் சண்முகவடிவு நின்றாள். அவள் மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டியிருந்தது. அதைக் கட்டினால் தாலி ஏறும்வரை, மண்டபத்துக்குத் தவிர, பெண் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது.

உலகம்மாளுக்கு முதலில் வந்தது கோபம். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்க! காப்புக் கட்டுன பொண்ணு படி தாண்டலாமா?"

"நீ தாண்டலையா?"

"நான் தாண்டுவேன்..."

"நான் உம் பிள்ளதானே" என்றாள் வடிவு. சொல்லும்போதே அவள் உதடு கோணியது. தடுப்பைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக் தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "பத்து நிமிசந்தாம்மான்னு நான் உங்கிட்ட சொல்லிருக்கக் கூடாதும்மா. எந்த வாயால சொன்னேன்னே தெரியல."

"நீயும் சொல்லிட்ட, நானும் சரின்னுட்டேன். ரெண்டு பேருக்கும்தான் புத்தியில்ல. அழாத, மஞ்ச கலையுது." உலகம்மாளும் அழுதாள். "அத்தை என்ன சொன்னாவ?"

"எங்கம்மா பக்கத்துல நின்னாத்தான் கழுத்த நீட்டுவேன்னு சொன்னேன். அவங்க வாயத் தொறந்தாங்க. நான் செருப்பு மாட்டிட்டு இருந்தேன், மிச்சத்தக் கேக்கல."

"மாப்பிள்ள?"

"வெளிய கார்ல இருக்காரு. நிறுத்த எடம் கிடைக்காம சுத்திச் சுத்தி வாராரு."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் தலையில் சரிந்து கிடந்த பூவை எடுத்து நேராக வைத்துவிட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நட. நேரா மண்டபத்துக்குப் போவோம்" என்றாள். "முன்வாசல் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."